ஆராய்ச்சிப் பட்டத்திற்கு விண்ணப்பிப்போர் தம்மைப் பற்றி எழுதும் கடிதம்

(திண்டுக்கல்லில் கூடிய நமது சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை எனக்கு விதிக்கப்பட்ட விஷயம் மேற்பார்வைக்கு மிகச் சிறியது. விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற விரும்பிச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், மதிப்பெண் பட்டியலும் ஆசிரியர்களின் நற்சாட்சிக் கடிதங்களும் அனுப்புவதோடு, தாம் யார், எதனை ஆராய விரும்புகிறார், அதற்கு இதுகாறும் என்ன செய்திருக்கிறார் என்பவற்றைத் தாமே ஓரிரு பக்கங்களில் எழுதி அனுப்பவேண்டும். அமெரிக்கர் இதனை ஸ்டேட்மெண்ட் ஆப் பர்ப்பஸ் என்றும் பர்சனல் ஸ்டேட்மெண்ட் என்றும் வழங்குவர். ஜெர்மனி முதலிய தேசங்களில் மோட்டிவேஷன் லெட்டர் என்பர். நாம் இம்மாலைப் பொழுதுக்கு மட்டும் இதனைத் தன்னிலைக் கடிதம் என்று அழைப்போம். இந்த இரண்டு பக்கத்திற்கு ஒரு கூட்டமும் ஒரு சொற்பொழிவும் வேண்டுமா என்று நம் அங்கத்தினர் ஒருவர் காரியதரிசி அவர்களைக் கேட்டாராம். வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நம் குடும்பங்களில் கலாசாலை வாயிலை முதன்முதலாக மிதித்த பிள்ளைகள் இப்போது எம்.எஸ்ஸி. தேறி நிற்கிறார்கள். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதவும், பாங்கியில் கல்விக் கடனுக்கு எழுதிக் கொடுக்கவும் நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமுண்டு. தன்னைப் பற்றித் தானே எழுதும் பழக்கமோ கிடையாது. தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லியே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அது நல்ல வளர்ப்பே, அதனைக் குறை கூறேன். ஆயினும் அப்படி வளர்ந்த பிள்ளை இக்கடிதம் எழுத உட்காரும்போது கை ஓடுவதில்லை. நாட்கள் கழிகின்றன. விண்ணப்பத்தின் கெடு நெருங்குகிறது. அந்தச் சமயம் பார்த்து, ‘நாங்கள் எழுதித் தருகிறோம்’ என்று ஓர் ஏஜெண்டு வந்து சேருகிறார்.

கலாசாலை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாணவர்கள் தம் கடிதங்களை எனக்குக் காட்ட வருவதுண்டு. ஓர் ஆண்டு ஒரே வாரத்தில் இருவர் வந்தனர். ஒருவர் சின்னாளபட்டியைச் சேர்ந்தவர். மற்றவர் வத்தலக்குண்டுப் பக்கம். ஒருவரையொருவர் அறியார். இருவர் கடிதத்திலும் முதற் பாராவில் பாட்டியார் புற்றுநோயால் மாண்டுபோகிறார். இருவரும் அந்தச் சவத்தின் அருகில் நின்று, தாம் விஞ்ஞானியாகிப் புற்றுநோய்க்கு மருந்து காண்பதாகச் சபதம் செய்கின்றனர். சொல்லுக்குச் சொல் ஒன்றே. விசாரித்ததில் இருவரும் ஒரே ஏஜெண்டிடம் ஆளுக்குப் பதினையாயிரம் ரூபாய் கொடுத்திருந்தது தெரியவந்தது. சின்னாளபட்டி மாணவரின் பாட்டியாரோ அன்று பேரனோடு பஸ்ஸில் வந்து, என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். அம்மையார் நூறாண்டு வாழ்வாராக!

இதனைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அக்கடிதங்கள் அவ்வாறே போயிருந்தால் விளைவு சிரிக்கத்தக்கதன்று. வெளிநாட்டுச் சர்வகலாசாலை ஒன்றுக்கு விண்ணப்பக் கட்டணமே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. எட்டு இடங்களுக்கு அனுப்பினால் ஒரு நெசவுக் குடும்பத்தின் சில மாத வருமானம் போய்விடும். அங்கே கடிதங்களைப் படிப்பவர்கள் அந்தச் சாஸ்திரத்திலேயே ஆயுளைக் கழித்த ஆசிரியர்கள். ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கிறவர்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் சாதனங்களும் இப்பொழுது உண்டு. கள்ளம் வெளிப்பட்டால் மாணவருக்கு இடம் போவதோடு நிற்பதில்லை. அவருக்கு நற்சாட்சி கொடுத்த ஆசிரியரின் சொல்லுக்கும், அதே கலாசாலையிலிருந்து மறு ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவருக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

இஃது இவ்வாறிருக்க, இத்தகைய கடிதத்தை உண்மையாக எழுதி வெற்றி கண்டவர் யார் என்று பார்ப்போம். தூர தேசம் போகவேண்டியதில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுக டிரஸ்டு ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக் கணித ஆசிரியர் ஹார்டி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்குமாஸ்தா ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் ஆவார். அக்கடிதத்தைப் பலர் புகழ்ந்து பேசக் கேட்டிருப்பீர்கள். அது எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர் சிலரே.

முதலில் தாம் கணக்கு இலாகாவில் குமாஸ்தா என்றும், ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் என்றும் சொல்லிவிடுகிறார். வயது ஏறக்குறைய இருபத்து மூன்று என்கிறார். (உண்மையில் அப்போது இருபத்தைந்து நிறைந்துவிட்டது, இந்த ஓரிடத்தில் மாணவர்கள் அவரைப் பின்பற்றவேண்டாம்.) சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு இல்லை என்பதை ஒளிக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லுகிறார். பள்ளி விட்டபின் கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டு, தமக்கென ஒரு வழி வகுத்துக் கொண்டதாகக் கூறுகிறார். இவ்வளவும் சில வரிகளே. அதன்பின் என்ன செய்கிறார்? ‘தாங்கள் உலகப் பிரசித்தர், தங்கள் கலாசாலை புராதனமானது’ என்று துதிபாடவில்லை. ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் 36-ஆம் பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஓர் எண்ணுக்குள் அடங்கிய பகா எண்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான வாய்பாடு இதுவரை கிடைக்கவில்லை என்று அங்கே கண்டிருப்பதைச் சுட்டி, தாம் மிக நெருங்கிய ஒரு வாய்பாட்டைக் கண்டிருப்பதாகச் சொல்லுகிறார். பிறகு, கூட இணைத்திருக்கும் தாள்களைப் பார்க்கும்படியும், தாம் ஏழையாதலால் அவற்றில் மதிப்புள்ளது ஏதேனும் இருந்தால் அச்சில் வெளிவர உதவும்படியும் வேண்டுகிறார். இணைத்த தாள்களில் சுமார் 120 தேற்றங்கள் இருந்தன.

இங்கே சற்று நிதானித்து நோக்குங்கள். தம்மைப் பற்றிச் சொன்னது சில வரி. வேலையைப் பற்றிச் சொன்னது பல தாள். படிக்கிறவர் எந்தக் கேள்வியில் உழைக்கிறாரோ அந்தக் கேள்வியின் பக்கத்தில் போய் நிற்கிறார். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் என்று குறிப்பிடுகிறார். தமக்கு வேண்டியது யாது என்று தெளிவாகக் கேட்கிறார். ‘பேரார்வம்’, ‘தீராத வேட்கை’ என்ற சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. தாள்களைப் பார்த்தவருக்கு அவ்வேட்கை தானே தெரிந்தது.

பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது பிழை என்று பின்னர் நிரூபணமாயிற்று. அதனால் அவர் தள்ளப்படவில்லை. மற்றத் தேற்றங்களுள் சில ஏற்கனவே பிறர் கண்டவை. சில ஹார்டிக்கே முற்றும் புதியவை. பிப்ரவரி 8-ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பும்படி கேட்டார். உண்மையாக உழைத்தவனுடைய தவறு அறிஞர்க்குக் கோபம் உண்டாக்குவதில்லை. மேற்கொண்டு பேசுவதற்கு அதுவே இடம் கொடுக்கிறது.

ஆனால் இக்கதையை இத்துடன் நிறுத்தினால் மாணவரை ஏமாற்றியவன் ஆவேன். ஹார்டிக்கு எழுதுமுன் இராமானுஜன் கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்சன் என்ற இரு ஆசிரியர்களுக்கு எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. அதற்கும் முன்னே 1912-ஆம் ஆண்டில், சென்னை எஞ்சினீயரிங் கலாசாலை ஆசிரியர் கிரிபித் என்பவர் இவருடைய தாள்களை இலண்டனில் ஹில் என்ற கணித ஆசிரியருக்கு அனுப்பினார். தாள்கள் தெளிவாக எழுதப்படவில்லை என்றும், விரியும் தொடர்களைக் கையாளுவதில் வழுக்கியிருக்கிறார் என்றும் சொல்லி, படிக்கவேண்டிய புத்தகம் ஒன்றையும் ஹில் குறிப்பிட்டு எழுதினார். மனிதர் ஒருவரே, மூளை ஒன்றே. விளக்கம் போதாதபோது அறிஞர் ஒருவருக்கே அது விளங்காமற் போயிற்று. உங்கள் ஆராய்ச்சி உங்களுக்கு விளங்கினால் மட்டும் போதாது. உங்கள் கடிதத்தைப் படிக்கும் ஐவரில் ஒருவரே உங்கள் நுட்பத் துறையைச் சேர்ந்தவராயிருப்பார். மற்ற நால்வருக்கும் அது புரியவேண்டும்.

இன்னொன்று. இராமானுஜன் துறைமுக ஆபீசில் வேலைக்கு மனுச் செய்தது 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி. அம்மனுவில் மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வகுப்பு வரை படித்ததையும், அதற்குமேல் தொடர முடியாமற் போனதையும், கணிதத்தில் ஈடுபட்டிருப்பதையும் சொல்லி, அவ்வேலையைச் செய்யத் தம்மால் இயலும் என்று எழுதினார். சென்னை இராஜதானிக் கலாசாலைக் கணித ஆசிரியர் மிடில்மாஸ்ட் அவர்களின் சிபாரிசும் இருந்தது. குமாஸ்தா உத்தியோகத்திற்குத் தேற்றங்களை அனுப்பவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மெட்ரிகுலேஷன் கதையை விரிக்கவில்லை. நம் ஊர் மாங்காய்ப் பூட்டுக்குக் கொத்துச் சாவியில் எதையோ போட்டுத் திருகினால் திறக்குமா? எட்டுச் சர்வகலாசாலைக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சிலர் பெயரையும் மாற்ற மறந்துவிடுகிறார்கள்!

தோல்வியை எப்படிச் சொல்வது என்ற கவலை நம் பிள்ளைகளிடம் அதிகம். இராமானுஜன் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு அரியர் இருக்கலாம். அதனை மறைக்கவேண்டாம், மதிப்பெண் பட்டியலில் அது இருக்கத்தான் போகிறது. அரைப் பக்கம் அழவும் வேண்டாம். இன்ன பருவத்தில் இன்ன காரணத்தால் இரண்டு பாடம் தவறியது, அடுத்த பருவத்தில் அவற்றைத் தேறி இன்ன மதிப்பெண் பெற்றேன் என்று ஒரு வாக்கியம் எழுதி, மேலே செல்லுங்கள். தகப்பனார் நோயாயிருந்ததும், நீங்கள் கடையைப் பார்த்துக்கொண்டதும் உண்மையானால் அதைச் சொல்வதில் வெட்கமில்லை. உண்மையல்லாத எதையும் சொல்லாதீர்கள்.

இனி, இக்காலத்து மாணவி ஒருத்தியைக் கற்பனையாக வைத்துக்கொண்டு பேசுவோம். அவள் நம் ஊரில் தோல் ஷாப்புகளுக்கு அருகே குடியிருப்பவள். இரசாயன சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள். அவள் எழுதிய முதற் பிரதி இவ்வாறு தொடங்கும்: ‘சிறு வயது முதலே இரசாயனத்தில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. விஞ்ஞானமே மனிதகுலத்தின் விளக்கு. உலகப் புகழ்பெற்ற தங்கள் சர்வகலாசாலையில் பயின்று சமூகத்திற்குத் தொண்டாற்ற விழைகிறேன்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதனைத் திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தியும் எழுதலாம், திரிகோணமலையிலிருந்து ஒருவரும் எழுதலாம். இரசாயனம் என்ற இடத்தில் பௌதிகம் என்று மாற்றினாலும் தடையில்லை.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறோம்: ‘அம்மா, நீ என்ன செய்தாய்? எதைக் கையால் தொட்டாய்? என்ன எண் வந்தது? எங்கே முட்டிக்கொண்டாய்?’ அப்போது அவள் சொல்லுகிறாள். அவள் பாட்டனார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்டார்கள். பிற்காலத்தில் குரோமிய உப்பு வந்தது. வேலை விரைவாக முடிந்தது. கழிவு நீர் நிலத்தில் இறங்கியது. அவள் தெருக் கிணற்று நீரை இப்போது யாரும் குடிப்பதில்லை. எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிக்காக அவள் பன்னிரண்டு கிணறுகளிலிருந்து மாதந்தோறும் நீர் எடுத்து, டைபீனைல்கார்பசைடு சேர்த்து, தோன்றும் ஊதாச் சிவப்பு நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்து, ஆறிணைதிறன் குரோமியம் எவ்வளவு என்று கணக்கிட்டாள். மழைக்குப் பின் பெரும்பாலான கிணறுகளில் அளவு இறங்கியது. இரண்டில் மட்டும் ஏறியது. ஏன் ஏறியது? தோல் ஷாப்பில் வழங்கும் உப்பு மூவிணைதிறன் குரோமியம். அது அவ்வளவு கொடியதன்று. அது கொடியதாகிய ஆறிணைதிறன் வடிவாக மண்ணுக்குள்ளே மாறவேண்டுமானால், மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்ஸைடு அம்மாற்றத்தைச் செய்யக்கூடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள். அந்த இரண்டு கிணறுகளின் மண்ணில் மாங்கனீஸ் அதிகமா என்று பார்க்க அவள் கலாசாலையில் கருவி இல்லை.

சபையோரே! இவள் கடிதம் எழுதி முடிந்துவிட்டது. இதை வரிசையாக எழுதவேண்டியதே பாக்கி. இங்கே ஒரு கேள்வி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, விடை தெரியாத ஓரிடம் இருக்கிறது, அவ்விடத்தை அறிய வேறு ஓர் ஆராய்ச்சிசாலைக்குப் போகவேண்டும் என்ற நியாயமும் இருக்கிறது. கனிப்பொருள் மேற்பரப்பில் உலோகங்கள் மாறுவதை ஆராயும் ஆசிரியர் ஒருவர் எந்தச் சர்வகலாசாலையில் இருக்கிறாரோ, அவருடைய கட்டுரை ஒன்றையேனும் முழுக்கப் படித்து, அதில் தன் கேள்வி எங்கே பொருந்துகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதினால், அதுவே இவளுக்கு 36-ஆம் பக்கம். ஆசிரியர் ஐந்து பேரின் பெயரை வரிசையாக அடுக்குவதில் பயனில்லை. அவருடைய பெயரைப் பிழையின்றி எழுதவேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

இவள் ஏழை என்பதையும், வீட்டில் முதற் பட்டதாரி என்பதையும் எங்கே சொல்வது? அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை போன்ற சில இடங்களில், ஆராய்ச்சி நோக்கத்திற்கு ஒரு கடிதமும், வாழ்க்கை வரலாற்றிற்கு வேறொரு கடிதமும் தனித்தனியே கேட்கிறார்கள். அவ்விடங்களில் இரண்டாவது கடிதத்தில் விரிவாகவே எழுதலாம். ஒரே கடிதம் கேட்குமிடத்தில், இராமானுஜன் செய்ததுபோல் ஒரு வரியில் சொல்லி நகரவேண்டும். வறுமையை மறைக்கவும் வேண்டா, பிச்சைப் பாத்திரமாக ஏந்தவும் வேண்டா.

இங்கே பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்ற ஆண்டுகளில் சில பிள்ளைகளின் கடிதத்தில் நம் குலத்தின் பூர்வ சரித்திரம் அரைப் பக்கம் இருந்தது. கேட்டால், தாத்தா எழுதச் சொன்னார் என்றார்கள். நம் சரித்திரத்தைக் கேட்கவும் பேசவும் இந்தச் சங்கம் இருக்கிறது, இந்தப் பத்திரிகை இருக்கிறது. இரசாயன ஆசிரியர் அதனைக் கேட்கவில்லை. அவர் கேட்பது, இந்தப் பெண் ஐந்தாண்டு என் ஆராய்ச்சிசாலையில் இருந்தால், வேலை தவறிப்போன நாளிலும் மறுநாள் காலை வந்து நிற்பாளா என்பதே. பன்னிரண்டு கிணற்றுக்கு மாதாமாதம் போனவள் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கும் சொல்லுகிறேன். தலைச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாள், ஆசிய மாதர்க்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று, 1931-ஆம் ஆண்டில் தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வேலை செய்தது நமக்கு அடுத்த ஜில்லாக்களின் கதை. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்னர் ஒரு பெண் கப்பலேறிச் சென்ற வழிக்கு, இன்று விமானம் இருக்கும்போது நாம் தயங்குவது எதற்காக?

பணத்தைப் பற்றிய அச்சமும் ஓரளவு தேவையற்றது. அமெரிக்காவில் விஞ்ஞான டாக்டர் படிப்பில் சேர்த்துக்கொள்ளப்படும் மாணவர்க்குப் பெரும்பாலும் சம்பளம் தள்ளுபடியாவதோடு, பாடம் சொல்லிக் கொடுப்பதற்கோ ஆராய்ச்சி உதவிக்கோ மாதப் படியும் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவர் பலர் உத்தியோகஸ்தரைப் போலவே நியமிக்கப்படுகின்றனர். நம் நாட்டிலேயே தேசியத் தகுதிப் பரீட்சையில் தேறி ஜூனியர் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெறுவோர்க்கு 2023-ஆம் ஆண்டு முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதித்திருக்கிறார்கள். உள்நாட்டு நிலையங்களில் எழுத்தைவிட நேர்முகப் பேட்டியே முக்கியம் என்பர் சிலர். பேட்டியில் கேட்பதும் ‘நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய்’ என்பதுதான். கடிதத்தைத் தானே எழுதியவன் அங்கே வாய் திறப்பான். விலைக்கு வாங்கியவன் முதற் கேள்வியிலேயே விழிப்பான்.

செய்த வேலையை முன்னே நீட்டும் இவ்வழி இராமானுஜனோடு முடிந்ததன்று. சென்னை இராஜதானிக் கலாசாலை மாணவர் சந்திரசேகர், 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது அவரைத் தேடிச் சென்று கண்டார். தாம் படித்திருந்த பௌதிகம் பழையதாகிவிட்டது என்று அவர் வாயால் கேட்டார். மனம் சோரவில்லை, புதியதைக் கற்று ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜிலிருந்த பௌலருக்கு அனுப்பினார். அது 1929-இல் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 1930-இல் சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, அதே பௌலரிடம் மாணவரானார். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. துறை மாற விரும்புவோர்க்குச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் உதாரணமாவார்: பௌதிகத்தில் 1976-இல் டாக்டர் பட்டம் பெற்றபின், மறுபடியும் மாணவராகச் சான் டியாகோவில் உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஏன் மாறுகிறேன் என்பதற்குத் தெளிவான விடை இருந்தால் மாறுவது குற்றமாகாது.

நம் ஜில்லாவில் வேலை செய்து பார்க்க இடம் இல்லை என்று சொல்லுவோர் உளர். கொடைக்கானலில் 1899-இல் நிறுவிய சூரிய ஆராய்ச்சி நிலையம் நம் மலைமேல் இருக்கிறது. சூரியக் களங்கங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். காந்திகிராமத்துச் சர்வகலாசாலை பஸ் தூரத்தில் இருக்கிறது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வேலை செய்ய இடம் தருவீர்களா என்று மரியாதையாக எழுதிக் கேட்பதற்குக் காசு வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் படித்த மாணவர்கள், ஆங்கிலம் போதாது என்று அஞ்சியே ஏஜெண்டிடம் போகிறார்கள். நான் சொல்லும் வழி இது: முதலில் உங்கள் தாயாருக்குச் சொல்வதுபோல், என்ன செய்தேன் என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், அதே செய்தியைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாகப் புதிதாக எழுதுங்கள். அலங்காரச் சொற்கள் வேண்டா. இலக்கணப் பிழைகளை ஆசிரியர் ஒருவர் திருத்தட்டும். இக்காலத்தில் கேட்டதை எழுதித் தரும் கம்ப்யூட்டர் யந்திரங்கள் வந்திருக்கின்றன. அவற்றைத் தொடலாமா, கூடாதா என்று ஒவ்வொரு சர்வகலாசாலையும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. விதியைப் படித்து அதன்படி நடவுங்கள். எப்படியாயினும், உங்கள் கிணற்றுக்கு அந்த யந்திரம் வந்ததில்லை. அதற்குத் தெரிந்தது எல்லோர் பாட்டியும் சாகும் கதைதான்.

நற்சாட்சிக் கடிதத்திற்கு ஆசிரியரைக் கெடுவுக்கு முதல் நாள் போய்ப் பிடிக்கும் வழக்கமும் ஒழியவேண்டும். அமெரிக்க விண்ணப்பங்கள் பல டிசம்பர் மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. இரண்டு மாதம் முன்னதாகவே ஆசிரியரிடம் உங்கள் கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள். 1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, துறைமுக ஆபீசார் இராமானுஜனின் குறிப்புப் புத்தகத்தை அவரிடம் காட்டினார்கள். அவர் சர்வகலாசாலைக்கு எழுதினார். பட்டம் ஏதும் இல்லாத குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டு ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. காட்டுவதற்குக் கையில் குறிப்புப் புத்தகம் இருந்தது. காட்டுவதற்கு ஆபீசில் நாராயண ஐயர் போன்ற மனிதரும் இருந்தனர்.

அப்படிக் காட்டுகிற மனிதராக நம் சங்கம் இருக்கவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் விரும்புகிறார்கள். ஆகவே, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை, இக்கட்டிடத்து மாடியில் நானும், கலாசாலைகளில் பணிபுரியும் நம் அங்கத்தினர் மூவரும் உட்கார்ந்திருப்போம். மாணவர்கள் தம் கடிதத்தின் முதற் பிரதியைத் தம் கையெழுத்தில் கொண்டு வரவேண்டும். தமிழில் இருந்தாலும் சரியே. ஆராய்ச்சிக் குறிப்பு நோட்டையும் மறவாமல் எடுத்து வரவும். கட்டணம் இல்லை. வெளியூரிலிருந்து வருவோர்க்குப் பகல் உணவு ஏற்பாடு செய்வதாகப் பொக்கிஷதார் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்பதை வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கவேண்டுமாம்.